ராணி ராசமணி அம்மையார்

தக்ஷிணேசுவரத்துக் காளி கோயிலை 1855-ல் கட்டி முடித்தவர் என்ற அளவில் ராணி ராசமணி அம்மையாரை நம்மவர் பலர் அறிவர். வலையை நம்பி வாழும் நமக்கோ, அவர் செய்த வேறொரு காரியமே பெரிது.

அம்மையார் 1793-ல் வங்காளத்து ஹாலிசஹருக்கு அருகே ஏழைக் கைவர்த்தக் குடியிற் பிறந்து, கல்கத்தாச் செல்வர் ராஜசந்திர தாசரை மணந்தார். 1836-ல் கணவர் காலஞ்செல்லவே, ஜமீன் நிர்வாகம் முழுதும் அவர் கைக்கு வந்தது.

அக்காலத்தே கும்பெனியார், கப்பற் போக்குவரத்துக்கு வலைகள் இடையூறென்று சொல்லி, கங்கையில் மீன் பிடிப்போர்மீது வரி விதித்தனர். வலைஞர் அம்மையாரிடம் சென்று முறையிட்டனர். அவர் மனுக்கொடுத்துக் காத்திருக்கவில்லை. (நம் சங்கத்தார் இதனைக் கவனிப்பாராக.) பதினாயிரம் ரூபாய் செலுத்திக் குசுரி முதல் மேட்டியாபுரூஸ் வரையுள்ள ஆற்றைக் கும்பெனியாரிடமே குத்தகையாகப் பெற்றார் என்பர். பின்னர் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலிகளைக் கட்டுவித்தார். கப்பல்கள் நின்றன, வர்த்தகர் கலங்கினர். காரணம் வினவியோர்க்கு, கப்பல் ஓடினால் மீன் கலைந்துவிடும், குத்தகைதாரருக்கு நஷ்டமாகும் என்று நியாயங் கூறினார். குத்தகைப் பத்திரமோ கும்பெனியார் தாமே எழுதிக் கொடுத்தது! வேறு வழியின்றி அவர்கள் வரியை நீக்கினர். சங்கிலிகள் அவிழ்ந்தன, வலைஞர் கட்டணமின்றி ஆற்றில் இறங்கினர்.

அம்மையார் 1861-ல் சிவபதம் அடைந்தார்.