பறவை நூல் செய்த பேரரசர்

இடைக்கால ஐரோப்பாவில் விலங்குகளைப் பற்றி எழுந்த ஏடுகளில் சிங்கத்துக்கும் யானைக்கும் அருகிலேயே ஒற்றைக் கொம்புக் குதிரையும், தீயில் வெந்து மீண்டும் பிறக்கும் பீனிக்ஸ் பறவையும் இடம்பெற்றிருந்தன. உயிரினங்களின் இயல்பை ஆராய்வதினும் அவற்றின் வாயிலாக அறம் புகட்டுவதே அவ்வேடுகளின் நோக்கம். ஆதலின் உள்ளதையும் இல்லாததையும் ஓவியர் ஒரே வண்ணத்தால் தீட்டினர். கற்றோரும் இரண்டையும் ஒருங்கே நம்பினர். அக்காலத்தில், கண்டறியாததை ஏற்க மறுத்த ஒருவர் அரியணையில் வீற்றிருந்தார். அவரே உரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்.

1194 டிசம்பர் 26 அன்று இத்தாலியின் யேசி நகரில் பிறந்த பிரெடெரிக், நான்கு வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்தார். இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிப் புலமையும் கலந்து நின்ற சிசிலித் தீவின் பலெர்மோ நகரே அவரை வளர்த்தது. 1220இல் பேரரசராக முடிசூடிய அவர், 1224இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை அரபு வழியே இலத்தீனில் தந்த மைக்கேல் ஸ்காட் அவர்தம் அவையை அணிசெய்தார். சோதிடத்திலும் நம்பிக்கை கொண்டிருந்த அப்பேரரசர், பறவைகள் வகையில் மட்டும் எவர் சொல்லையும் எளிதில் ஏற்றாரில்லர்.

வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடும் கலை குறித்து அவர் இயற்றிய நூல் இதற்குச் சான்று. வேட்டைப் பறவைகளைக் கையாண்டறியாத அரிஸ்டாட்டில் பிழைபட உரைத்த இடங்களை அதில் அவர் தயங்காது சுட்டினார். பிணந்தின்னிக் கழுகு மோப்பத்தால் இரையை அறிகிறது என்ற கூற்றை, அதன் கண்களை மூடிச் சோதித்து மறுத்தார்.

வடகடலோர மரங்களில் காய்த்துக் கடலில் உதிர்ந்து வாத்துகள் பிறக்கின்றன என்ற கதை அந்நாளில் பெரிதும் பரவியிருந்தது. மரக்கட்டைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் கடலுயிரே அவ்வாத்தின் கரு எனக் கருதினர். பிரெடெரிக் வடநாட்டுக்குத் தூதரை அனுப்பி அத்தகைய கட்டைகளை வருவித்து ஆராய்ந்தார். அவற்றில் பறவையின் சாயல் சிறிதும் இல்லை. எவரும் காணாத தொலைவில் அவ்வாத்துகள் கூடு கட்டுவதாலேயே அக்கதை பிறந்திருக்கும் என அவர் முடிவு செய்தார். அம்முடிவு சரியே. வடதுருவப் பகுதியில் அவை அடைகாப்பதைப் பிற்காலம் கண்டறிந்தது.

அரசியலோ அவரை அமைதியாக விடவில்லை. 1229இல் போரின்றி உடன்படிக்கையால் எருசலேமைப் பெற்றும் திருச்சபையின் பகை தணியவில்லை. 1239இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி அவரைச் சபையினின்று மீண்டும் விலக்கினார். கரடியின் கால்களும் சிங்கத்தின் வாயும் சிறுத்தையின் உடலும் கொண்டு கடலினின்று எழும் கொடுவிலங்காக மடல் ஒன்றில் அவரைச் சித்திரித்தார். கற்பனை விலங்குகளை ஐயுற்றவரே கற்பனை விலங்காக்கப்பட்டார்.

1248இல் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்த நாளில், அவர் வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில் பகைவர் பாசறையைச் சூறையாடினர். அழகிய பறவை நூற்படி ஒன்றும் அதில் பறிபோனது. 1250 டிசம்பர் 13 அன்று அவர் மறைந்தார்.

மைந்தர் மான்பிரெட் செய்வித்த படியொன்று எஞ்சியது. அதன் ஓரங்களில் ஏறத்தாழ 900 பறவை உருவங்கள் பறந்தும் நீந்தியும் இரைதேடியும் காட்சி தருகின்றன. அச்சுவடியைப் போற்றிக் காத்துவருவது வத்திக்கான் நூலகமே.