பிறவிக் குறை எல்லாம் பரம்பரையா? – சேர் நோர்மன் கிரெக் (1892 – 1966)

மாணவர்களே, நிறக்குருடு, குருதியுறையாமை, அல்பினிசம் ஆகியவை பெற்றோரிடமிருந்து பரம்பரையலகுகள் மூலம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் என்பதை நீங்கள் கற்றுள்ளீர்கள். இப்பகுதியிலிருந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதும்போது பலர் ஒரு தவறை விடுகின்றனர். குழந்தை பிறக்கும்போதே ஒரு குறை காணப்பட்டால் அது பரம்பரையாக வந்தது என்றே எழுதி விடுகின்றனர். ஒரு காலத்தில் வைத்தியர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியவர் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் ஆவார்.

இளமைக் காலம்

கிரெக் 1892 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆம் திகதி சிட்னி நகரின் புறப்பகுதியான பேர்வூட்டில் பிறந்தார். கிரிக்கெட், டெனிஸ் ஆகிய விளையாட்டுக்களில் திறமை காட்டிய அவர், படிப்பிலும் பின்தங்கவில்லை. 1915 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார். முதலாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றித் துணிவுக்காக மிலிட்டரி குரொஸ் பதக்கம் பெற்றார். போரின் பின் இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்று, 1923 இல் சிட்னிக்குத் திரும்பினார்.

காத்திருந்த தாய்மார்

1941 இன் முற்பகுதியில் கிரெக்கிடம் கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் வழமைக்கு மாறாக அதிகமாகக் கொண்டுவரப்பட்டனர். பலருக்கு இரு கண்களிலும் புரை இருந்தது. உடல் நிறையும் குறைவாக இருந்தது. பலரின் இதயத்திலும் குறை காணப்பட்டது. பிறவிக் கண்புரை சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதை அவர் அறிவார். ஆனால் ஒன்றுடனொன்று தொடர்பற்ற இத்தனை குடும்பங்களில், ஒரே காலத்தில், ஒரே விதமான குறை ஏன் தோன்ற வேண்டும்? இந்த வினாவே அவரைச் சிந்திக்க வைத்தது.

காத்திருந்த தாய்மார் இருவர் தமக்குள் உரையாடியதைக் கேட்டபோதே அவருக்கு வழி பிறந்தது என்று கூறப்படுகிறது. கர்ப்பமாயிருந்தபோது தமக்கு ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா நோய் வந்ததாக அவர்கள் பேசிக்கொண்டனர். கிரெக் ஏனைய தாய்மாரிடமும் விசாரித்தார். சக வைத்தியர்களிடமிருந்தும் விவரம் பெற்றார். மொத்தம் 78 குழந்தைகள் பற்றிய தகவல் சேர்ந்தது. அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. பெரும்பாலும் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே அது வந்திருந்தது. 1940 இல் அந்நாட்டில் பரவிய ருபெல்லாவுடன் இக்காலம் பொருந்தியது. 1941 ஒக்டோபரில் மெல்பேர்ன் நகரில் கண் வைத்தியர்கள் கூடிய மாநாட்டில் தமது முடிவை அவர் வெளியிட்டார்.

ஐயமும் சான்றும்

சாதாரண நோயொன்று குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் பாதிக்கும் என்பதைப் பலர் உடனே ஏற்கவில்லை. இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ இதழும் 1944 இல் ஐயம் தெரிவித்தது. எனினும், தென் அவுஸ்திரேலியாவில் சாள்ஸ் சுவான் குழுவினர் நடத்திய ஆய்வு கிரெக்கின் முடிவை உறுதிப்படுத்தியது. செவிப்புலன் இழப்பும் இந்நோயின் விளைவு என்பது பின்னர் தெரிய வந்தது.

1951 இல் புள்ளிவிபரவியலாளர் ஒலிவர் லங்காஸ்ரர் பழைய சனத்தொகைக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தார். 1911 இன் கணக்கெடுப்பில், 10 – 14 வயதுப் பிரிவில் மட்டும் செவிப்புலனற்றோர் தொகை மிக உயர்ந்திருந்தது. அவர்கள் பிறந்த காலத்தில் ருபெல்லா பரவியிருந்ததே இதற்குக் காரணம் என அவர் காட்டினார். பரம்பரை எனக் கருதப்பட்ட குறைகளிற் பல சூழலால் ஏற்பட்டவை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

இது எவ்வாறு நிகழ்கிறது?

ருபெல்லா வைரசு தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகத்தினூடாக முளையத்தை அடைகிறது. அவ்வேளையில் உருவாகிக்கொண்டிருக்கும் கண்வில்லை, இதயம், உட்செவி ஆகியவற்றின் கலங்கள் பாதிக்கப்படுகின்றன. குழந்தையின் தோற்றவமைப்பு பரம்பரை நோயாளியினதைப் போலவே இருக்கும். ஆனால் பிறப்புரிமையமைப்பில் மாற்றம் எதுவும் இராது. இத்தகைய போலித் தோற்றத்துக்கு 1935 இல் பீனோகொப்பி எனப் பெயரிட்டவர் ஜேர்மானிய விஞ்ஞானி றிச்சட் கோல்ட்ஷ்மித். பழ ஈயின் குடம்பிகளைச் சிறிது நேரம் உயர் வெப்பநிலையில் வைத்து, விகாரமுற்ற ஈக்களைப் போன்றவற்றை அவர் பெற்றார்.

இவ்வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. பரம்பரை என நம்பியபோது பெற்றோர் தம் குடும்பத்தையே குறை கூறிக்கொண்டனர். காரணம் ஒரு வைரசு என்று தெரிந்ததும் அதைத் தடுக்க வழி பிறந்தது. 1953 இல் கிரெக்குக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1962 இல் ருபெல்லா வைரசு வேறாக்கப்பட்டது. 1966 ஜூலை 27 இல் கிரெக் காலமானார். மூன்று ஆண்டுகளின் பின், 1969 இல், தடுப்பூசி பாவனைக்கு வந்தது. இலங்கையில் 1996 இல் இத்தடுப்பூசி அறிமுகமாயிற்று. 2020 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ருபெல்லா ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது.

நினைவிற் கொள்க

• பிறக்கும்போதே காணப்படும் குறை பிறவிக் குறை. அது பரம்பரையாகவோ சூழலாலோ ஏற்படலாம்.
• சூழலால் ஏற்பட்ட குறை அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படாது.

பயிற்சி வினாக்கள்

1. பிறவிக் குறை, பரம்பரைக் குறை ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை எழுதுக.
2. தாய்க்கு ஏற்பட்ட ருபெல்லாவால் கண்புரையுடன் பிறந்த பெண்ணின் பிள்ளைகளுக்கு அக்குறை கடத்தப்படுமா? காரணம் தருக.
3. 1911 இல் உயர்ந்து காணப்பட்ட செவிப்புலனற்றோர் தொகை, 1921 கணக்கெடுப்பில் எந்த வயதுப் பிரிவில் உயர்ந்து காணப்படும்? அக்குறை பரம்பரையால் மட்டும் ஏற்பட்டிருப்பின் ஒரு வயதுப் பிரிவில் மாத்திரம் தொகை உயர்ந்திருக்குமா?