டெலிபோன்காரர் கட்டிய ஆர்கன்

லேப்ல ரிலே பார்த்திருப்பீங்க. சின்ன கரண்ட் ஒரு காந்தத்தை இயக்கும், அது பெரிய லோடை ஆன் பண்ணும். இதே யோசனையை வெச்சு சர்ச் பைப் ஆர்கனை மாத்திப் போட்டவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ்.

1859-ல் இங்கிலாந்தின் செஷயரில் பிறந்தார். சின்ன வயசிலேயே சர்ச்சில் ஆர்கன் வாசிச்சவர். பிழைப்புக்கு டெலிபோன் கம்பெனியில் தலைமை எலெக்ட்ரீஷியன். மற்ற நேரம் பர்க்கன்ஹெட் செயின்ட் ஜான்ஸ் சர்ச் ஆர்கனிஸ்ட்.

அப்போதைய பல ஆர்கன்களில் கட்டையை அழுத்தினா, நெம்புகோல், மரச்சட்டம் எல்லாம் தாண்டி குழாயின் வால்வை உங்க விரல்தான் திறக்கணும். பெரிய ஆர்கன்னா விரல் கழண்டுடும்! மின்சாரத்தை முயற்சி பண்ணவங்க முன்னாடியே உண்டு. ஆனா கரண்ட் ஏகத்துக்கும் செலவாச்சு. இவரோ டெலிபோன் ஆள், துளி கரண்ட்ல வேலை வாங்கத் தெரிஞ்சவர். இவரோட குட்டி காந்தம் சின்ன காற்றுத் துளையை மட்டும் திறக்கும். மிச்ச பலத்தை ஆர்கனின் காற்றே குடுக்கும். 1880-களில் பாட்டுக்குழு ஆட்களைத் துணைக்கு வெச்சுக்கிட்டு, ராத்திரி ராத்திரியா உழைச்சு தன் சர்ச் ஆர்கனை இப்படி மாத்தினார். வாசிக்கும் மேசைக்கும் குழாய்களுக்கும் நடுவில் இப்போ வெறும் கேபிள்தான். மேசையைச் சர்ச்சுக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்தில் வெச்சே வாசிக்கலாம்.

கேபிள் வந்ததும் இன்னொரு வழி திறந்தது. 61 கட்டை உள்ள ஆர்கனில் ஒரே குரலை மூணு ஸ்தாயியில் கேட்க 183 குழாய் வேணும். ஒரே வரிசையை நீட்டி, வயரிங்கை மாத்திப் போட்டா 85 போதும். கணக்குப் போட்டுப் பாருங்க: 61 + 12 + 12.

வூஸ்டர் கதீட்ரல் ஆர்கனை 1896-ல் செஞ்சார். 1903-ல் அமெரிக்கா போனார். அங்கேதான் சிக்கல். டிசைன் முடிஞ்சதுன்னு சொல்ல அவரால முடியாது. பாதி கட்டின ஆர்கனையும் பிரிச்சு மாத்துவார். எல்மைராவில் தொடங்கின சொந்தக் கம்பெனி நொடிச்சு, 1910-ல் பேட்டன்ட்டுகளோட வுர்லிட்சர் கைக்குப் போச்சு. அவங்க சம்பளம் குடுத்தாங்க, ஆனா கடைசியில் ஃபேக்டரிக்குள்ள விடலை. மாற்றங்களால ஆன செலவு அப்படி. முதலாளியையும் குத்தம் சொல்ல முடியலை, இவரை நினைச்சாலும் மனசு கேட்கலை.

1914 செப்டம்பரில், 55 வயசில், ராச்செஸ்டரில் தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார். அதுக்கப்புறம்தான் ஊமைப்படத் தியேட்டர்கள் வுர்லிட்சர் ஆர்கனை வரிசையில் நின்னு வாங்கின. மொத்தம் 2,000-க்கும் மேல் வித்தது. அவர் வயரிங் யோசனை ஒவ்வொண்ணுலயும் இருந்துச்சு.