தாளை மடித்துப் புரதத்தின் வடிவம் கண்ட லைனஸ் பாலிங்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு அறிவியல் அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டபோது, நம் நினைவில் முதலில் நின்றவர் லைனஸ் பாலிங் ஆவார். பிறரோடு பகிர்ந்துகொள்ளாமல் இரு நோபல் பரிசுகளைப் பெற்ற ஒரே மனிதர் அவர்.

1901ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பாலிங் பிறந்தார். மருந்துக்கடை நடத்திய தந்தை 1910இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஒன்பது, தங்கையர் இருவர். தாயார் வீட்டறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்தார். வரலாற்றுப் பாடம் நிறைவுறவில்லையென்று பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. அவர் உலகப் புகழ் எய்திய பின்னரே அச்சான்றிதழ் அவர் கைக்கு வந்தது.

1917இல் ஆரெகான் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் படிப்பைத் தொடரப் பொருள் இல்லை. சாலை போடும் பணியில் சேர்ந்து உழைத்தார். அவர்தம் அறிவை உணர்ந்த கல்லூரி, மாதம் 100 டாலர் ஊதியத்தில் அவரையே ஆசிரியராக அமர்த்தியது. பதினெட்டு வயது இளைஞர், தாம் முந்திய ஆண்டு கற்ற பாடத்தைப் பிறருக்குக் கற்பித்தார். 1925இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவது எவ்வாறு என்பதே அவரது முதல் ஆராய்ச்சி. பின்னர் புரதத்தின்பால் அவர் கருத்துச் சென்றது. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியே புரதம். அச்சங்கிலி குறிப்பிட்ட வடிவில் மடிந்தால்தான் அது தன் தொழிலைச் செய்யும். முட்டையை வேகவைத்தால் வெண்கரு இறுகுவதேன்? மடிப்பைத் தாங்கி நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுக்குறைந்தவை. வெப்பம் அவற்றை அறுக்க, சங்கிலி குலைகிறது. 1936இல் மிர்ஸ்கி என்பவருடன் சேர்ந்து பாலிங் இக்கருத்தை வெளியிட்டார்.

1948இல் ஆக்ஸ்போர்டில் சளிக்காய்ச்சலால் படுத்திருந்தபோது, ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்துப் பார்த்தார். அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு திருகாது, தட்டையாகவே நிற்கும் என்ற விதியை அவர் மீறவில்லை. சங்கிலி சுருளாக வளைந்தது, சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் என அமைந்தது. இதுவே ஆல்ஃபா சுருள். 1951இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

அக்கட்டுரையில் ராபர்ட் கோரி, ஹெர்மன் பிரான்சன் ஆகிய இருவர் பெயரும் உண்டு. பிரான்சன் கறுப்பின மக்களுள் தோன்றிய இயற்பியல் பேராசிரியர். அமையக்கூடிய சுருள்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். தமது பங்கு உரிய அளவில் மதிக்கப்படவில்லை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். பாலிங்கைப் போற்றும் நாம் இதனையும் மறைத்தலாகாது. உழைத்தவர் பெயர் மறக்கப்படும் துயரத்தை நம் மக்கள் நன்கறிவர் அன்றோ?

1949இல் அரிவாள் அணுச் சோகை நோய்க்குக் காரணம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதம் மாறுபட்டிருப்பதே எனப் பாலிங் குழுவினர் மெய்ப்பித்தனர். அதற்கான சோதனையில் முன்னின்றவர் ஹார்வி இட்டானோ. ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்தால், போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். 146 அமினோ அமிலங்கள் உள்ள சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறுவதால் இந்நோய் உண்டாகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் நீலகிரிப் பழங்குடி மக்களையும் வருத்தும் நோய் இது.

1954இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பாலிங்கை அடைந்தது. அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததால் அரசின் ஐயத்துக்கு ஆளானார். 1952இல் வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. அவர் அஞ்சவில்லை. துணைவியார் ஆவா ஹெலனுடன் சேர்ந்து 11,000க்கும் மேற்பட்ட அறிவியலாரின் கையொப்பம் திரட்டினார். 1962ஆம் ஆண்டுக்குரிய அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1994இல் மறைந்தார்.

இளைஞர்களே! சான்றிதழ் இல்லை, பொருள் இல்லை என்று பாலிங் படிப்பை விட்டாரில்லை. முகாமில் அடைபட்ட இட்டானோவும் விட்டாரில்லை. நீங்களும் கற்பீராக. கற்று உயர்ந்தபின், உடன் உழைத்தவர் பெயரை உரக்கச் சொல்வீராக.