தூசியைப் படித்த நீதிபதி

விடுமுறை முடிந்து திரும்பிய அன்று விடுதி அறையைத் திறந்தேன். தரையெங்கும் ஒரு மாதத் தூசி. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால், என் செருப்புத் தடம் ஒவ்வொன்றும் எழுதி வைத்தாற்போல் தெரிந்தது. துடைப்பத்தைத் தேடுமுன் ஹான்ஸ் கிராஸ் நினைவுக்கு வந்தார்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1847இல் பிறந்தவர் அவர். சட்டம் பயின்று குற்ற விசாரணை நீதிபதியானார். வாய்மொழிச் சாட்சியத்தையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. மனிதன் மறப்பான், அஞ்சுவான், பொய்யும் சொல்வான். ஆகவே பொருள்களைக் கேட்போம் என்று துணிந்தார் கிராஸ். 1893இல் விசாரணை நீதிபதிகளுக்கென அவர் எழுதிய கைந்நூல், காலடித் தடங்களையும் விரிவாக ஆராய்கிறது. ஆடையைக் காகிதப் பையிலிட்டுத் தட்டி, உதிரும் தூசியை உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒரு சட்டையின் தூசியில் மரத்தூளும் பசைத்தூளும் இருந்தன; அணிந்தவன் தச்சன் என்பது புலப்பட்டது.

அந்நூலை ஆங்கிலத்தில் தந்தவர்கள் யார் தெரியுமா? நம் சென்னையில் அரசு வழக்கறிஞர்களாக இருந்த ஆடம் என்னும் பெயருடைய இருவர்! இந்திய நடைமுறைக்கு ஏற்ப மாற்றி, 1906இல் சென்னையிலேயே வெளியிட்டனர்.

கிராஸ் பின்னர் பேராசிரியரானார். பிராக் நகரில் அவர் வகுப்பில் அமர்ந்த மாணவர்களுள் எழுத்தாளர் காஃப்காவும் ஒருவர். 1912இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கழகம் ஒன்றை நிறுவினார்.

இன்று கம்பளத்திலும் நாற்காலித் துணியிலும் கண்ணுக்குத் தெரியாத தூசித் தடத்தையும் எடுத்துவிடுகிறார்கள். உலோகப் பூச்சுள்ள கரிய தாளை அதன்மேல் விரித்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், தூசி மேலெழுந்து தாளில் ஒட்டுகிறது. இருட்டில் சாய்வாக ஒளி பாய்ச்ச, செருப்பின் தேய்மானம்கூடத் தெரியும்.

ஆனால் நண்பர்களே, தூசியிடம் காட்டிய பொறுமையை மனிதரிடம் அவர் காட்டவில்லை. நாடோடி மக்களைப் பிறவிக் குற்றவாளிகள்போல் எழுதினார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1952வரை சுமந்த நாட்டினராகிய நமக்கு அந்தக் கறையின் ஆழம் தெரியும். மகன் ஓட்டோ உளமருத்துவர், தந்தையின் கட்டுப்பாட்டை உதறியவர், போதைக்கும் அடிமை. 1913இல் தந்தையின் முயற்சியால் அவர் பெர்லினில் பிடிக்கப்பட்டு, ஆஸ்திரிய மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர், 1914இல் மகன் வெளிவந்தார். 1915இல் தந்தை மறைந்தார்.

தரையைப் பெருக்கும்போது இதையே எண்ணினேன். தடம் சொல்வது யார் நடந்தார் என்பதைத்தான். ஏன் நடந்தார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும்; சட்டம் பயிலும் நம் நண்பர்கள் இதை மறவாதிருப்பார்களாக!