சில்லாலைக்கு வந்த கூலிக்காரர்



ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லையென்றால் நாம் சுவாமியாரைத் தேடி அறைவீட்டுக்கே போய்விடுகிறோம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரோ 29 வருஷம் ஒரு குருவின் முகத்தையும் காணாதிருந்தார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாரும்.

1658-ம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். குருக்களைத் துரத்தினார்கள், கோவில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு குருவை வீட்டில் மறைத்து வைப்பவனுக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தரின் கோவிலில் நடந்து தோம்பில் பதியப்படாவிட்டால், பிள்ளைகளின் முதுசச் சொத்துக்கே வில்லங்கம். ஆகவே அநேகர் பகலில் அங்கே தலைகாட்டி, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. காணி பறிபோகுமென்று அஞ்சிய குடும்பத் தகப்பனின் இடத்தில் நின்று சொல்வது அத்தனை எளிதல்ல.

இந்த மந்தைக்கு மேய்ப்பனில்லை என்று கோவாவில் கேள்விப்பட்டு நெஞ்சு வெதும்பியவரே அர்ச். யோசேவாஸ் சுவாமியார். 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் தேதி பெனோலிம் என்ற ஊரில் பிறந்து, 1676-ல் குருப்பட்டம் பெற்றவர். கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. அப்படிப்பட்டவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலிக்காரனின் துணியை உடுத்தி, ஜான் என்னும் ஊழியன் ஒருவனுடன் 1687-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பு கண்டு சாகக்கிடந்தார். இரக்கமுள்ள பெண்கள் வார்த்த கஞ்சியால் பிழைத்தார் என்பார்கள்.

எழுந்து நடக்கக் கூடியதும் ஒரு காரியம் செய்தார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். யாருடைய கண் அந்த மாலையில் தங்குகிறது என்று பார்ப்பதே நோக்கம். ஆபத்தான தூண்டில்தான்! ஒல்லாந்தரின் ஆள் கண்டிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். வீட்டாருக்கும் அதே பயம். வந்திருப்பவன் ஒற்றனாய் இருந்தால்? மெல்ல மெல்லத்தான் நம்பிக்கை பிறந்தது. அதன்பின் பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலைக் கிராமம் அவரைத் தன்னுள்ளே மறைத்து வைத்துக் காப்பாற்றியது.

அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கினார். தமிழைக் கற்றார். இருட்டியபின் வேஷம் மாறிப் புறப்பட்டு, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை செய்து, விடியுமுன் ஒதுங்கிவிடுவார். பங்கு என்றால் கட்டிடம் என்று நினைக்கிறோமே. அப்போது சில்லாலையில் பங்கு என்பது வாய் திறவாத அயலவர்தான். ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும்.

1689-ம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அநேகர் பிடிபட்டுச் சிறையும் அடியும் அனுபவித்தார்கள். சுவாமியார் மாத்திரம் அகப்படவில்லை. தம்மாலே பிறர் வதைபடுவதைக் கண்டு, அவர் கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்குப் போனார்.

பிந்திய வரலாறு உமக்குத் தெரிந்திருக்கும். 1692-ல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றனென்று சிறைவைத்தார்கள். 1697-ல் அங்கே வைசூரி பரவியபோது, பெற்றவர்களே விட்டோடிய நோயாளிகளை அவர் தம் கையால் கழுவினார். முதல் ஒன்பது வருஷமாகத் துணைக்குரு எவருமின்றி உழைத்தவர், போன இடமெல்லாம் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். குரு வராத மாதங்களிலும் செபமும் ஞானோபதேசமும் நடக்க வேண்டுமல்லவா? யாழ்ப்பாணத்தில் கண்ட 29 வருஷம் அவருக்கு மறக்கவில்லை போலும்.

1711-ம் ஆண்டு சனவரி 16-ம் தேதி கண்டியில் மரித்தார். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1995-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14-ல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸால் அர்ச்சியசிஷ்டராகவும் பிரகடனஞ் செய்யப்பட்டார். அவரை மறைத்து வைத்த வீட்டாரையும் நாம் மறக்கலாகாது.