ஜோசப் லிஸ்டர்

ஜோசப் லிஸ்டர் (ஏப்ரல் 5, 1827 - பெப்ரவரி 10, 1912) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களில் கிருமிகளை அழிக்கும் முறையை அறுவைச் சிகிச்சையில் புகுத்தியவர். இதனால் நவீன அறுவை மருத்துவத்தின் தந்தை என அழைக்கப்படுகிறார். இவரது ஆய்வுகளில் தந்தை, மனைவி, தமக்கை ஆகியோருக்கும் இடமுண்டு.

இளமை

லிஸ்டர் இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் அப்போது இருந்த அப்டன் என்னும் ஊரில் குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். நுண்நோக்கி வில்லைகளில் உருவம் மங்கித் தெரியும் குறையை நீக்கும் முறையை 1830 இல் வெளியிட்டு, அரச கழகத்தின் உறுப்பினரானவர். லிஸ்டர் நுண்நோக்கியைக் கையாளக் கற்றது இவரிடமே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற லிஸ்டர் 1852 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

திருமணம்

1853 இல் எடின்பரோ சென்று, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் பணியாற்றினார். சைமின் மகள் ஆக்னஸ் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர் அல்லர். சபைக்கு வெளியே மணம் புரிவதற்காக லிஸ்டர் அச்சபையிலிருந்து விலகினார். 1856 ஏப்ரலில் திருமணம் நடைபெற்றது. மணமக்கள் தங்கள் தேன்நிலவுப் பயணத்தின் பெரும்பகுதியை ஐரோப்பிய மருத்துவமனைகளைப் பார்வையிடுவதில் கழித்தனர். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டிலிருந்த ஆய்வுக்கூடத்தில் ஆக்னஸ் கணவருக்குத் துணை நின்றார். ஆய்வுக் குறிப்பேடுகளின் பல பக்கங்கள் அவரது கையெழுத்தில் உள்ளன.

கிருமியழிப்பு முறை

1860 இல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அக்காலத்தில் அறுவைச் சிகிச்சை நன்கு முடிந்தாலும், பின்னர் புண்ணில் சீழ் பிடித்துப் பலர் இறந்தனர். கெட்ட காற்றே இதற்குக் காரணம் எனப் பெரும்பாலோர் நம்பினர். நுண்ணுயிர்களே அழுகலை உண்டாக்குகின்றன என்னும் லூயி பாஸ்ச்சரின் ஆய்வுகளை, உடன் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் மூலம் லிஸ்டர் அறிந்தார். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் பயன்படுவதை அறிந்து, அதைப் புண்களில் இட்டுச் சோதித்தார்.

ஆகஸ்ட் 12, 1865 அன்று ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவனது கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. இத்தகைய முறிவுகளில் காலை வெட்டி எடுப்பதே வழக்கம். லிஸ்டர் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். சீழ் பிடிக்கவில்லை. சுமார் ஆறு வாரங்களில் எலும்பு பொருந்தியது.

இம்முடிவுகள் 1867 இல் லான்செட் இதழில் தொடராக வெளியாயின. அத்தொடர் நிறைவுறும் முன்னரே, தமக்கை இசபெல்லா மார்பகப் புற்றுநோயுடன் லிஸ்டரை நாடி வந்தார். பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. லிஸ்டர் எடின்பரோ சென்று மாமனார் சைமிடம் ஆலோசனை பெற்றார். 1867 ஜூன் மாதத்தில் தமது கிளாஸ்கோ இல்லத்திலேயே தமக்கைக்குத் தாமே அறுவைச் சிகிச்சை செய்தார். புண் சீழின்றி ஆறியது. புற்றுநோய் மீண்டும் தோன்றி இசபெல்லா இறக்கும் வரை, அவருக்கு மேலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்வு கிடைத்தது.

கை, கால் வெட்டி எடுக்கப்பட்ட தமது நோயாளிகளைப் பற்றிய கணக்கை லிஸ்டர் 1870 இல் வெளியிட்டார். புதிய முறைக்கு முன்பு 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். அதன் பின்னர் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

எதிர்ப்பும் ஏற்பும்

கார்பாலிக் அமிலத்தைப் பிறர் முன்பே பயன்படுத்தியிருந்தனர் எனக் கூறி ஜேம்ஸ் சிம்சன் லிஸ்டரைக் கண்டித்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை இலண்டன் மருத்துவர் பலர் நம்பவில்லை. 1869 இல் எடின்பரோவுக்குத் திரும்பிய லிஸ்டர், 1877 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறுப்பேற்றார். அவ்வாண்டு முறிந்த முழங்கால் சில்லை வெள்ளிக் கம்பியால் இணைத்து வெற்றி கண்டார்.

காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அமிலத்தைத் தெளிக்கும் முறையையும் லிஸ்டர் சில ஆண்டுகள் கையாண்டார். அது தேவையற்றது என உணர்ந்ததும் கைவிட்டு, அதைப் பரிந்துரைத்ததற்காக 1890 இல் பெர்லின் மாநாட்டில் வெளிப்படையாக வருந்தினார். பின்னர், கருவிகளையும் துணிகளையும் வெப்பத்தால் முன்கூட்டியே தூய்மையாக்கும் முறை பரவியது. கிருமிகளைப் புண்ணில் சேரவிடக் கூடாது என்ற லிஸ்டரின் அடிப்படைக் கருத்து அதிலும் நிலைத்தது.

இறுதிக்காலம்

1893 ஏப்ரலில் இத்தாலியின் ரபால்லோ நகரில் விடுமுறையைக் கழித்தபோது ஆக்னஸ் நுரையீரல் அழற்சியால் காலமானார். அதன்பின் லிஸ்டர் மருத்துவத் தொழிலிலிருந்து விலகினார். ஆக்னஸின் சகோதரி லூசி சைம் இல்லத்தைக் கவனித்துக்கொண்டார். 1895 முதல் 1900 வரை அரச கழகத்தின் தலைவராக இருந்த லிஸ்டருக்கு 1897 இல் பிரபு பட்டம் வழங்கப்பட்டது.

பெப்ரவரி 10, 1912 அன்று கென்ட் மாவட்டத்தின் வால்மர் என்னும் ஊரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. எனினும், லிஸ்டரின் விருப்பப்படி உடல் அங்கு புதைக்கப்படாமல், இலண்டன் ஹாம்ப்ஸ்டெட் கல்லறையில் ஆக்னஸின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாப் பேரினம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.